எண்ணாத பெட்டியில் பூச்சியம்

மருமகளுக்கு என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். எங்கள் வன்னிக் கிராமமான வட்டக்கச்சியில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் தங்கள் கைத்தொலைபேசி ஏன் சூடாகிறது என்றுதான் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அவள் இல்லாத கணினிகளுக்குள் இருக்கும் இல்லாத எண்ணிகளுக்குக் கணக்குச் சொல்கிறாள். அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

அரசாங்க உத்தியோகத்தில் தலைநரைத்த எனக்கு இதில் வியப்பில்லை. இல்லாதவற்றுக்குக் கணக்குச் சொல்லித்தான் நானும் ஓய்வூதியம் வாங்குகிறேன். வியப்பு என்னவென்றால், அவள் அதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததுதான்.

வேலையை எனக்கு விளக்கியவள் அவளே. மகனுக்கு வவுனியாவில் வேலை. சனி ஞாயிறுதான் வருவான். மற்ற நாட்களில் முன்னறையில் அவள், குசினியில் என் மனைவி, விறாந்தையில் சாய்கதிரையில் நான். வேலையற்ற மனிதன் மூன்று அறைத் தூரத்தில் இருந்தால் யாராவது எதையாவது விளக்கத்தான் வேண்டியிருக்கும்.

ஒரு பெரிய கணினிக்குள் பல பாவனைக் கணினிகளை ஓடவிடலாமாம். ஒவ்வொன்றும் தானே முழு இயந்திரம் என்று நம்பிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு மேலே ஹைப்பர்வைசர் என்று ஒரு மேற்பார்வையாளர் இருந்து, எல்லாரையும் ஒரே சிப்பில் மாறி மாறி ஏற்றி இறக்குவார். இறக்கப்பட்டது தான் இறக்கப்பட்டதை அறியாது. மீண்டும் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

"விளங்குதோ மாமா?" என்றாள்.

விளங்காமல் என்ன? இடம்பெயர்ந்த காலத்தில் எங்கள் அலுவலகம் ஒரு பாடசாலையின் இரண்டு வகுப்பறைகளில் இயங்கியது. வெளியே பெயர்ப்பலகை. உள்ளே எல்லாக் கிளைகளும் இருந்தன: கணக்குக் கிளைக்கு ஒரு மேசை, காணிக் கிளைக்கு அதே மேசையின் மறுபாதி. கொழும்பிலிருந்து வந்த கடிதங்கள் எங்களை முழு அலுவலகமாகவே மதித்தன. வாகனங்களின் ஓட்ட விபரம் கேட்டன. எங்களிடம் ஒரு சைக்கிள் இருந்தது, அதுவும் காவலாளியினுடையது. குளிரூட்டியின் பராமரிப்புச் செலவு கேட்டன; கூரையில் பாதி ஓடு இருக்கவில்லை. மேற்பார்வைக்கு மட்டும் குறைவில்லை. அது அரசாங்கம், இயக்கம் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது.

இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். "அதேதான் மாமா. பலகை மட்டும்தான் சொந்தம்."

சிப்புக்குள் சில எண்ணிகள் இருக்கின்றன. எத்தனை கட்டளை முடிந்தது, சிப்பின் கடிகாரம் எத்தனை துடிப்பு ஓடியது, வேண்டிய தரவு பக்கத்தில் இல்லாமல் தூரத்து நினைவகத்துக்கு எத்தனை தடவை அலைந்தது என்று அவை எண்ணும். நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று தேடுபவர்கள் இந்த எண்ணிகளைத்தான் வாசிப்பார்கள். பாவனைக் கணினிக்குள் இருப்பவரும் வாசிக்கப் பார்ப்பார். ஆனால் உண்மையான எண்ணி சிப்பில் யார் ஏறினாலும் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் வேலையும் அதில் சேர்ந்துவிடும். ஆகவே மேற்பார்வையாளர் ஒவ்வொருவரையும் இறக்கும்போது அவருடைய எண்ணிக்கையை எடுத்துப் பத்திரப்படுத்தி, ஏற்றும்போது மீண்டும் வைத்துவிட வேண்டும். இது முதல் வேலை.

இரண்டாவது வேலை எனக்கு மிகவும் பிடித்தது. சில கட்டளைகளைப் பாவனைக் கணினி தானாகச் செய்ய அனுமதியில்லை. மேற்பார்வையாளர் அதை நிறுத்தி, அந்த வேலையைத் தானே செய்து கொடுத்துவிட்டு, போ என்று அனுப்புவார். அந்தக் கட்டளை எண்ணியில் ஏறாது, செய்தவர் வேறு ஆள் என்பதால். ஆகவே, செய்து கொடுத்தவர் ஒவ்வொரு தடவையும் மற்றவரின் கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட வேண்டும்.

"மேலதிகாரி செய்த வேலை கீழே இருக்கிறவரின்ர பேரில ஏறுதோ?"

"ஓம்."

"உதை நான் என்ர சேவைக் காலத்தில ஒருநாளும் காணேல்லை. மறுபக்கமாத்தான் கண்டிருக்கிறன்."

"அதாலதான் மாமா உதுக்கு ஆள் வைச்சு எழுத வேண்டியிருக்கு" என்றாள்.

இந்த இரண்டையும் அவள் எழுதி முடித்துவிட்டாள். கட்டளைகள் சரியாக எண்ணப்பட்டன, துடிப்புகள் சரியாக எண்ணப்பட்டன. தூரத்து நினைவகத்துக்கு அலைந்த எண்ணிக்கை மட்டும் மிச்சம். அதை ஒழுங்காகச் செய்ய மாதங்கள் வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் பார்வையிடப்போவதோ அந்தக் கிழமை. அவளுடைய தகுதிகாண் காலம் முடிவதும் அந்த மாதம். நிரந்தரமாக்கினால் வட்டக்கச்சியிலிருந்தே வேலை செய்யலாம். இல்லாவிட்டால் கொழும்புக்குப் போய் அறை எடுத்து, புதிதாக வேலை தேட வேண்டும். மகன் வவுனியாவில், மருமகள் கொழும்பில், நாங்கள் இருவரும் இங்கே என்று ஒரு குடும்பத்தை மூன்று மாவட்டங்களில் ஓடவிடும் திட்டம் என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. குடும்பம் சிதறுவது எப்படி என்று நாங்கள் புதிதாகப் பழக வேண்டியதில்லை.

இந்த நிலையில் அவளுடைய மேலாளர் ஒரு உத்தரவு போட்டார்.

மேலாளர் கொழும்பில் இருப்பவர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பதைப் பேச்சில் மறைக்க முயன்று, கோபம் வரும்போது மறந்துவிடுபவர். எல்லாப் பெண்களும் அவருக்குத் தங்கச்சி. "எண்ணாத இடத்தில பூச்சியம் போட்டு விடுங்கோ தங்கச்சி. பெட்டி வெறுமையா இருந்தா பாக்க வடிவில்லை" என்று தொலைபேசியில் சொன்னாராம்.

வெறுமையாக விடச் சொல்லி அவளும் கேட்கவில்லை. பாவனைக் கணினி "அந்த எண்ணி இருக்கிறதா?" என்று கேட்கும்போது, "இல்லை" என்று பதில் சொல்ல வழி இருக்கிறது. அப்படிச் சொன்னால் உள்ளே இருப்பவர் அதைத் தேடமாட்டார். மேலாளருக்கு "இல்லை" என்ற சொல் ஆகாது. வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்லக்கூடாது என்று எங்கோ பயிற்சிப் பட்டறையில் படித்திருக்கிறார். பூச்சியம் என்றால் அது ஓர் எண். எண் என்றால் அது ஒரு பதில்.

எனக்கு அந்த மனிதரைக் காணாமலே தெரியும். நான் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் அவர் இருந்தார். அட்டவணையில் எந்தக் கட்டமும் வெறுமையாக மேலே போகக்கூடாது என்பது எங்கள் பழக்கம். ஒரு வருடம் வெள்ளத்தில் பாதை உடைந்து ஒரு கிராமத்துக்கு யாராலும் போக முடியவில்லை. போகாததால் எண்ணவில்லை. எண்ணாததால் அந்தக் கட்டத்தில் யாரோ பூச்சியம் போட்டார். அட்டவணை மேலே போனது, மேலிடம் மகிழ்ந்தது. சுற்றிலும் எல்லாக் கிராமங்களும் மூழ்கியிருக்க, இந்த ஒரு கிராமத்தில் மட்டும் ஒரு வீட்டுக்கும் பாதிப்பில்லை. அங்கே கடைப்பிடித்த முன்னாயத்தத்தை மற்றவர்களும் பின்பற்றும்படி சுற்றுநிருபம் வந்தது. அந்த ஊர்ச் சனம் அப்போது பாடசாலைக் கூரையில் ஏறி இருந்தது.

எண்ணப்படாதவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை வன்னியில் யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. கணினியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பிடும்போது அவள் கேட்டாள். "மாமா, உங்கட காலத்தில மேல இருக்கிறவர் பிழையான ஒண்டைச் செய்யச் சொன்னா என்ன செய்வியள்?"

இந்தக் கேள்விக்காக நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து காத்திருந்தேன் என்று சொல்லலாம். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"வாயால சொன்னதுக்கு ஒரு நாளும் செய்யக்கூடாது, பிள்ளை. எழுத்தில கேளுங்கோ. 'தங்களின் பணிப்பை எழுத்து மூலம் உறுதிப்படுத்தவும்' எண்டு ஒரு வரி. காணும். என்ர சேவையில அந்த ஒரு வரிக்குப் பிறகு எந்தப் பெரியவரும் பிழையான உத்தரவைத் திருப்பிச் சொன்னதில்லை. ஆள் ஒரு கிழமைக்கு லீவில போயிடுவார்."

"இவர் எழுத்தில கேட்டுக் கேட்டுத்தான் எங்களுக்கு இன்னும் குழாய்க்கிணறு வரேல்லை" என்றாள் மனைவி, சோற்றுச் சட்டியை மூடியபடி.

"அது வேற விசயம்."

"ஓம், அது தண்ணி விசயம்."

நான் கடிதத்தைச் சொல்லச் சொல்ல மருமகள் தட்டினாள். விடயம் என்று தலைப்பு, அதன் கீழே கோடு, பிறகு தொலைபேசி உரையாடலைச் சுட்டி ஒரு பந்தி, எண்ணப்படாத தரவைப் பூச்சியம் எனக் காட்டுவதால் ஏற்படக்கூடிய விளைவுகள் பற்றி ஒரு பந்தி, தங்கள் உடன் கவனத்துக்கு. அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டு வரியாகக் குறைத்து அனுப்பினாள். குறைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சாரம் இருந்தது. நான் நிம்மதியாகப் படுக்கப் போனேன்.

தலையணையில் தலை வைக்கவில்லை, முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"மாமா. பதில் வந்திட்டுது."

போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு பெருவிரல். மஞ்சள் நிறத்தில், மேலே நிமிர்ந்தபடி. அதன் கீழே, "ஓம், பூச்சியம்தான். போடுங்கோ. அருமையான குழு வேலை." அதோடு விடாமல் முழுக் குழுவுக்கும் பிரதி அனுப்பியிருந்தார்.

நான் அந்தப் பெருவிரலை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். என் காலத்தில் ஒரு மேலதிகாரியின் குறுங்கையொப்பத்தை அலுவலகக் கோவையில் வாங்குவதற்குள் ஒரு போகம் நெல் விளைந்து வெட்டியும் ஆகிவிடும். இந்த மனிதர் பிழையான உத்தரவை எழுத்தில் கொடுத்து, அதற்குப் படமும் போட்டு, ஊருக்கெல்லாம் பிரதியும் அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். பயமே இல்லை. எனக்குப் பிறகுதான் விளங்கியது: எழுத்துக்கு நாங்கள் பயந்தது, ஒரு நாள் கணக்காய்வு வந்து கோவையைத் திறக்கும் என்பதால். அங்கே கோவையும் இல்லை, திறக்க வருபவரும் இல்லை. பழைய செய்திகளைத் திரும்பிப் பார்ப்பதற்கு யாருக்கும் நேரமில்லாத இடத்தில், எழுத்து என்பது கொஞ்சம் மெதுவாகப் பேசுவது, அவ்வளவுதான்.

"இப்ப என்ன மாமா செய்யிறது?"

"இப்ப உங்களிட்ட எழுத்தில இருக்குத்தானே. பாதுகாப்பு."

"முந்தி வாயால சொன்னது. நான் கொஞ்சம் இழுத்திருப்பன், அவரும் மறந்திருப்பார். இப்ப எல்லாருக்கும் முன்னால எனக்கு உத்தரவு வந்திருக்கு. செய்யாட்டி நான்தான் பிழை."

 

அவள் பூச்சியத்தைப் போட்டாள். இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் சரியாகக் கதைக்கவில்லை. நான் செய்திருக்கக்கூடிய மிகப் பெரிய உதவி சும்மா இருப்பது என்று தெரிந்துகொண்டு, சும்மா இருந்தேன்.

பார்வையிடும் நாளில் காலையிலிருந்து மழை. வாய்க்கால் திருத்த வந்த பெக்கோ என்ற மண்வெட்டும் இயந்திரம் இணைய வயரை வெட்டிவிடாமல் இருக்க, நான் குடையோடு போய் அதன் சாரதியிடம் பேசிவிட்டு வந்தேன். மின்சாரம் போகும் என்று பேட்டரியை ஏற்றி வைத்தோம். மனைவி தேங்காய் திருவுவதை நிறுத்தினாள். எல்லா ஏற்பாடும் முடிந்து கூட்டம் தொடங்கியதும் எங்கள் சேவல் யன்னலுக்குக் கீழே வந்து நின்று கூவியது. வெளிநாட்டில் யாரோ சிரித்தார்கள்.

அவள் காதில் மாட்டிக் கேட்கும் கருவி பழுதானதால் பேச்சு முழுவதும் விறாந்தைக்குக் கேட்டது. எல்லாம் ஆங்கிலத்தில். வாடிக்கையாளர் பக்கத்தில் ஒரு பெண் பொறியியலாளர், வயதான குரல், அவசரமில்லாமல் பேசினார். கட்டளை எண்ணிக்கையைப் பார்த்தார், தன்னிடம் இருந்த கணக்கோடு ஒப்பிட்டார், பொருந்துகிறது என்றார். துடிப்பைப் பார்த்தார், அதுவும் பொருந்துகிறது. பிறகு அடுத்த பெட்டிக்குப் போனார்.

இந்தச் சோதனை நிரல் ஒரு பெரிய அட்டவணையில் கண்டபடி அங்குமிங்கும் தாவுவதற்காகவே எழுதப்பட்டது, அது தூரத்து நினைவகத்துக்கு அலையாமல் ஓடவே முடியாது, இங்கே பூச்சியம் என்று இருக்கிறதே என்று கேட்டார்.

மேலாளர் முந்திக்கொண்டார். அதுதான் எங்கள் மேற்பார்வை நிரலின் திறமை என்றார். அலைச்சலே இல்லை என்றார். குரலில் உண்மையான பெருமை இருந்தது. பாதிப்பில்லாத அந்தக் கிராமத்தின் நினைவு எனக்கு வந்தது. சுற்றுநிருபம் ஒன்றுதான் மிச்சம்.

அந்தப் பெண் மரியாதையாகவே கேட்டார்: இது பூச்சியமா, அல்லது எண்ணப்படவில்லையா?

மேலாளர் சிரித்தார். கேள்வி பகிடி என்று நினைத்தாரோ, பகிடியாக்கிவிடலாம் என்று நினைத்தாரோ தெரியாது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் முன்னறையிலிருந்து மருமகளின் குரல் வந்தது. சின்னக் குரல், ஆனால் தெளிவாக: "எண்ணப்படவில்லை. பூச்சியத்தை நாங்கள் போட்டிருக்கிறோம்."

குசினியிலிருந்து மனைவி திருவாத தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்தபடி வாசலுக்கு வந்து நின்றாள். நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு பிள்ளையின் வேலை போகும் சத்தம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் இதுதான் என்று இருவரும் நினைத்தோம்.

வெளிநாட்டுப் பெண் சொன்னார்: "நல்லது. அப்படியென்றால் அந்த எண்ணி இல்லை என்றே காட்டுங்கள். எங்கள் கருவி அதை விட்டுவிட்டுப் போகும். பூச்சியம் வந்தால்தான் அது குழம்பிவிடும்." பிறகு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான். இல்லை என்று சொல்லக்கூடாது என்று ஒரு மனிதர் இத்தனை நாள் காத்த வாடிக்கையாளருக்கு, இல்லை என்பதே போதுமாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும் மேலாளர் எடுத்தார். இந்தத் தடவை கதை தமிழில், அதுவும் பிறந்த ஊர்த் தமிழில்.

"நீர் கதைக்க முதல் என்னட்டச் சொல்லியிருக்கலாம் தங்கச்சி."

"நான் எழுத்தில கேட்டனான் அண்ணா."

"கேட்டனீர். பூச்சியம் போடுறதோ எண்டு கேட்டனீர். நான் ஓம் எண்டனான். கூட்டத்தில வாய் திறக்கிறதோ எண்டு நீர் கேக்கேல்லையே."

அந்தப் பதிலை நான் உள்ளுக்குள் மெச்சினேன் என்பதை மறைப்பதில் பயனில்லை. எங்கள் சேவைக்கு வந்திருந்தால் அந்த மனிதர் எங்கேயோ போயிருப்பார்.

மாத முடிவில் கடிதம் வந்தது. நிரந்தரமாக்கவுமில்லை, நீக்கவுமில்லை. தகுதிகாண் காலம் நீடிக்கப்பட்டிருந்தது. காரணம்: தொடர்பாடல் திறன் இன்னும் வளர வேண்டும். அதே நாளில் மேலாளரிடமிருந்து இன்னொரு செய்தி. மிச்சமிருக்கும் எண்ணியை உண்மையாகவே எண்ணவைத்துத் தரும்படி வாடிக்கையாளர் கேட்டிருக்கிறார், "எண்ணப்படவில்லை" என்று சொன்ன ஆள்தான் அதை எழுத வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார், உடனே தொடங்கவும். பெருவிரல் இல்லை.

எனக்குக் கொதித்தது. உண்மை சொன்னதற்குத் தண்டனை, அந்த உண்மைக்காகவே வேலை, இரண்டும் ஒரே நாளில். தண்டிக்கப்படுபவர் அவசியமானவராகவும் இருந்தால் அலுவலகங்கள் செய்வது இதைத்தான்: கதவை மூடாமல், திறக்காமல், இடையில் ஒரு கதிரையைப் போட்டுவிடும். இடம் எனக்குப் பழக்கமானது என்பதால் பேனாவை எடுத்தேன்.

"மேன்முறையீடு ஒண்டு எழுதுவம் பிள்ளை. உரிய வழியூடாக. பிரதிகள் அந்த வெளிநாட்டு அம்மாவுக்கும் போகவேணும்."

"வேண்டாம் மாமா."

"நீங்கள் எழுத வேண்டாம், நான் எழுதிறன். நீங்கள் கையெழுத்து மட்டும்."

"இஞ்சேருங்கோ" என்றாள் மனைவி குசினியிலிருந்து. "அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் இஞ்சை இருக்க வழி கிடைச்சிருக்கு. அதையும் எழுதிக் கெடுக்காதேங்கோ."

மருமகள் திரும்பி உட்கார்ந்து வேலையைத் திறந்துவிட்டாள். திரையில் அந்தப் பெட்டி இருந்த இடத்தில் இப்போது பெட்டியே இல்லை. இனி அதற்கு உண்மையான எண் வரும்வரை அது அப்படித்தான் இருக்கும் என்றாள். அந்த வேலை முடியும்வரை தன்னை நீக்கமாட்டார்கள் என்று அவள் சொல்லவில்லை. அதைக் கணக்குப் போட எனக்குத் தெரியும்.

"அப்ப நான் ஒண்டும் செய்யத் தேவையில்லையோ?" என்று கேட்டேன். கொஞ்சம் முறைப்பாகவே கேட்டிருப்பேன்.

அவள் யோசித்தாள். "ஒண்டு இருக்கு மாமா. அடுத்த கூட்டத்துக்கு அந்தச் சேவலைப் பின்வளவில கட்டுவீங்களோ?"

"எழுத்தில தாறியளோ?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் தூக்கி, பெருவிரலைக் காட்டினாள்.